ஆறெழுத்து, ஆறு நாள், ஆறு கிலோ

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க. ஒரு வருஷமா தள்ளிப்போட்டுட்டே வந்த விஷயம் இது.

"ஆறெழுத்து, ஆறு நாள், ஆறு கிலோ" என்று ஒரு மெசேஜ் உங்களில் சிலருக்கு வந்திருக்கலாம். மேலே மயில் படம். கீழே கந்த சஷ்டி ஆறு நாளுக்கும் ஒரு அட்டவணை. எந்த நாள் தண்ணீர் மட்டும், எந்த நாள் ஒரு டம்ளர் பால், எந்த நாள் எவ்வளவு எடை குறையும் என்று எல்லாம் இருக்கும். கடைசியில் "சரவணபவ என்று சொல்லுங்கள், கொழுப்பு கரையும்" என்று முடியும்.

அதை எழுதியவன் நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் போடி. போடிநாயக்கனூர். வேலை சென்னையில், ஐடி கம்பெனி. 2024 ஜூன் மாதம் என் எடை 94 கிலோ. ஆபீஸில் மெடிக்கல் செக்கப் வைத்தபோது, ரிப்போர்ட்டில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. பயந்துட்டேன். பயந்தவன் நிதானமா யோசிக்க மாட்டான்ல? ஒரு ஆப் இறக்கினேன். சோறு கிடையாது, இட்லி கிடையாது, ஒரு நாளைக்கு ஒரே வேளை என்று ஆரம்பித்தேன். தீபாவளி வருவதற்குள் 83 கிலோ. எல்லாரும் "என்னடா இப்படி இளைச்சுட்ட, சூப்பர்" என்றார்கள். அந்த "சூப்பர்" இருக்கே, அது ஒரு போதை.

அந்த வருஷம் சஷ்டி நவம்பர் 2-ஆம் தேதி ஆரம்பம், 7-ஆம் தேதி சூரசம்ஹாரம். தீபாவளிக்கு ராத்திரி ரயிலில் ஏறி ஊருக்குப் போனவன், வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி அங்கேயே தங்கினேன். திட்டம் என்னன்னா, ஆறு நாளும் விரதம் இருந்து 80-க்குக் கீழே போய்விட வேண்டும். தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, அந்த நம்பரை போட்டோ எடுத்து குரூப்பில் போடுவேன். கூடவே ஒரு முருகன் படம். அப்படித்தான் அந்த மெசேஜும் பிறந்தது. ரெண்டே நாளில் அது எங்கெங்கோ சுற்றி, "பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற குறியோடு எனக்கே திரும்பி வந்தது. உண்மையைச் சொல்றேன், அன்னைக்குப் பெருமையா இருந்தது.

நாலாவது நாள் என் சித்தி மகள் கோயில் வரிசையில் மயங்கி விழுந்தாள்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏற்கெனவே ஒல்லி. அவளுக்கு என் மெசேஜ் எந்தக் குரூப்பிலிருந்து வந்தது என்று கூட எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பார்கள். மூன்று நாளாக வெறும் தண்ணீரும் பாலும். அதுக்கு முன்னாடி பல மாதமாகவே காலைச் சாப்பாடு கிடையாதாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா "யாரும்மா இப்படி இருக்கச் சொன்னது?" என்று கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "சாமிக்கு" என்றாள்.

சாயந்தரம் சித்தி டீ வாங்கப் போன நேரம், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "ஏன் பாப்பா இப்படிப் பண்ண?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"வெறுமனே சாப்பாடு வேணாம்னு சொன்னா அம்மா திட்டுவாங்கண்ணே. விரதம்னு சொன்னா யாரும் சாப்பிடச் சொல்ல மாட்டாங்க."

இதைப் படிக்கிற தங்கைகளில் யாராவது ஒருத்தி இந்த வரியில் நின்று மூச்சு விடுவாள் என்று எனக்குத் தெரியும். உனக்காகவும்தான் இதை எழுதுறேன் பாப்பா.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படின்னா நான் ஃபார்வர்டு செய்த அந்தப் பட்டியலை வாங்கிய பெண்களில் எத்தனை பேர் ஏற்கெனவே ரத்தம் இல்லாமல் இருந்திருப்பார்கள்? நான் அதைப் பற்றி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. எனக்கு இருந்தது தொப்பை. அவளுக்கு இருந்தது பசி. ரெண்டு பேருக்கும் ஒரே அட்டவணை கொடுத்தவன் நான்.

இப்போது கேள்விக்கு வருவோம். உடம்பு குறையணும் என்ற ஆசையோடு சஷ்டி விரதம் இருப்பது தப்பா? குரூப்பில் ஒரு அண்ணன் கேட்டார்: "விரதத்தால் உடம்புக்கும் நல்லதுதானே தம்பி, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. அதுல என்ன பாவம்?" நியாயமான கேள்வி. பெரியவங்களே பட்டினியை மருந்து என்று சொல்லியிருக்காங்க. நானும் பாவம் என்று சொல்ல வரலை.

ஆனா "உபவாசம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வசிப்பது, அருகில் இருப்பது என்று பொருள் சொல்வார்கள். அந்த ஆறு நாளும் நான் யார் பக்கத்தில் இருந்தேன்? யோசித்துப் பார்த்தால், எடை மெஷின் பக்கத்தில். கண் விழித்ததும் முதல் நினைப்பு முருகன் இல்லை, நம்பர். மூணாம் நாள் எடை அரைக் கிலோ ஏறிக் காட்டியபோது எனக்கு வந்த கோபம் இருக்கே! மெஷின் மேல் இல்லை, சாமி மேல். "இவ்வளவு பட்டினி கிடக்கிறேனே, கண்ணு தெரியலையா" என்று. பேரம் பேசுகிறவனுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். கூலி குறைஞ்சா வருகிற கோபம் அது.

இன்னொன்றும் நடந்தது. பசியோடு இருந்த அந்த நாட்களில் வீட்டில் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம். அம்மா ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டதை நான் மனசுக்குள் எண்ணினேன். பெத்த தாய் தட்டை எண்ணுகிற பிள்ளைக்கு விரதம் எதுக்கு?

எங்க அப்பத்தா இதை வேற மாதிரி சொல்லுச்சு. அது வாழ்க்கையில் பாதி ஏலத்தோட்டத்தில் போனது. போடியில் இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவையும் கடந்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் காய் எடுக்கப் போகிற பெண்கள். கையில் தூக்குவாளி. இன்னைக்கும் அந்த ஜீப்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்திரி நான் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, ஆப் எல்லாத்தையும் விளக்கினேன். பூராத்தையும் கேட்டுட்டு அது சொன்னது:

"ஏய்யா, வேல இல்லாத மழக்காலத்துல நாங்க கெடந்ததெல்லாம் வெரதம்னா, நான் எத்தன சஷ்டி இருந்துருப்பேன்! அப்ப எந்தச் சாமியும் வந்து நிக்கல. பக்கத்து வீட்டுக்காரி கேப்பக் கூழு கொண்டாந்தா. அவதான் சாமி."

எனக்குப் பேச்சு வரவில்லை. வேணும்னு பட்டினி கிடப்பதும், இல்லாமல் பட்டினி கிடப்பதும் ஒரே பசிதான். ஆனால் முதல் வகைப் பசியை நாம் போட்டோ எடுத்துப் போடுகிறோம். ரெண்டாவதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. வள்ளலாரை நினைச்சுப் பாருங்க. சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடியவர் அவர். அவர் 1867-ல் வடலூரில் தொடங்கியது தருமசாலை. அன்று பற்ற வைத்த அடுப்பு அணையாமல் இன்னும் எரிகிறது. முருகன் சந்நிதியிலிருந்து கிளம்பிய ஒரு பக்தி, அடுத்தவன் பசியை ஆற்றுவதில் போய் நின்றது. என்னுடையது என் இடுப்பளவில் நின்றுவிட்டது.

நம்ம சாமியும் பசியை மறைத்த சாமி இல்லையே. தினைப்புனத்தில் கிழவராக வந்து வள்ளியிடம் பசிக்குது என்று கேட்டவர்தானே? அந்தப் பொண்ணு தினைமாவில் தேனைக் கலந்து கொடுத்தாள். வாங்கிச் சாப்பிட்டார். குறிஞ்சி நிலத்துக் கடவுளுக்கு நாம் சொல்லும் முதல் காதல் கதையே ஒரு கை உணவில்தான் தொடங்குகிறது. (இப்ப ஏஐ-யில் வரைந்து சுற்றுகிற முருகன் படங்களில் எல்லாம் சிக்ஸ் பேக் வச்சிருக்காங்க. பாலமுருகனுக்குக் கூட! ஜிம்முக்குப் போன சாமியை யார் கேட்டது என்று தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து நம்ம உடம்பு மேலேயே நமக்கு வெறுப்பு வருது.)

சரி, என் கதையின் மிச்சம். சூரசம்ஹாரம் முடிந்தது, 79.4 கிலோ. திருக்கல்யாண விருந்தில் ஆரம்பித்தேன். அதுக்கப்புறம் கை நிற்கவில்லை. சென்னைக்குத் திரும்பி, ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா, அது முடிஞ்சு ஐஸ்கிரீம். பசியே இல்லாமல் சாப்பிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது 89.

எனக்கு மட்டும்தான் இப்படியா, நான்தான் மன உறுதி இல்லாதவனா என்று தேடியபோது ஒரு பழைய ஆராய்ச்சி கண்ணில் பட்டது. இரண்டாம் உலகப் போர் நேரம், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம். 1944 நவம்பரில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஆரம்பித்தார். பட்டினியில் வாடியவர்களைப் போருக்குப் பிறகு எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? மனசாட்சிப்படி துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள். அதாவது, கொள்கைக்காகப் பசியை ஏற்றுக்கொண்டவர்கள். மன உறுதியில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆறு மாதம் அரைச் சாப்பாடு. ஆனால் அது ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி! நம்ம ஊர் டயட் அட்டவணைகள் பல இதைவிடக் குறைவு. அவர்கள் எதையும் யோசிக்க முடியாமல் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிச்சலும் சோர்வுமாக ஆனார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள்.

உடம்பு பஞ்சத்துக்கும் விரதத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பது அப்பத்தாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு மின்னசோட்டா வரைக்கும் போக வேண்டியிருந்தது.

அந்த ஜனவரியில் ஒரு நாள், தெரிந்தவர் ஒருவரோடு மலைக்குப் போயிருந்தேன், ஏலக்காய் ஸ்டோருக்கு. ஸ்டோர் என்றால் கடை இல்லை, காய் உலர்த்துகிற கட்டடம். பச்சைக் காய் அஞ்சு கிலோ போட்டால் உலர்ந்து வருவது ஒரு கிலோ சுமார்தான். மீதியெல்லாம் தண்ணீர். சூடு ஐம்பது டிகிரி பக்கத்திலேயே நிற்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க. நான் என்ஜினியர் புத்தியில் "சூட்டைக் கூட்டினா சீக்கிரம் முடியுமே" என்றேன். அங்கே வேலை பார்த்த அண்ணன் சிரித்தார். "முடியும் தம்பி. காய் வெடிச்சிரும். பச்சை போயிரும். வாசனையும் போயிரும். ஏலத்துல எவனும் சீந்த மாட்டான்." போடி ஏலத்தில் விலையே நிறத்துக்கும் பருமனுக்கும்தான்.

நான் ஆறு நாளில் இறக்கிய எடையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்று பிறகு படித்தேன். உடம்பில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து கரையும்போது, அதோடு கட்டிக்கிடக்கும் தண்ணீரும் மூணு மடங்கு வெளியேறும். மெஷினில் நம்பர் இறங்கும். கொழுப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதைச் சொன்னதும் சிலர் நேர் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள். "அந்தக் காலத்துச் சாப்பாடே மருந்து, பழைய சோறு சாப்பிடு, எல்லாம் சரியாகும்" என்று. அதையும் நான் நம்பவில்லை. தூக்குவாளி நிறையச் சோறு கொண்டுபோனவர்கள் நாள் முழுக்கச் சரிவில் குனிந்து நிமிர்ந்து காய் எடுத்தவர்கள். அதே அளவுச் சோற்றை நான் ஏசி ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது வேறு கணக்கு. அப்பத்தாவே மலையிலிருந்து இறங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு சர்க்கரை மாத்திரை போடுது. சோறும் குற்றவாளி இல்லை, நாற்காலியும் குற்றவாளி இல்லை. ரெண்டுக்கும் நடுவில் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு வேண்டிய கலோரியில் தானியம் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. எங்க வீட்டுத் தட்டில் பார்த்தால் சோறு மலை மாதிரி, வெஞ்சனம் ஓரத்தில் ஒரு புள்ளி.

நான் செய்த மாற்றமே அந்தப் புள்ளியைப் பெரிசாக்கியதுதான். சோறு ரெண்டு கரண்டி, வெஞ்சனம் அதே அளவு. முருங்கைக்கீரை, அவரைக்காய், மொச்சை, முட்டை என்று கிடைப்பதைப் போட்டுக்கொள்வேன். காலைச் சாப்பாட்டை விடுவதில்லை. ராத்திரி ஒன்பதுக்குள் முடித்துவிடப் பார்க்கிறேன், ரிலீஸ் இருக்கிற நாளில் முடியாது, அன்னைக்கு விட்டுடுவேன். புரோட்டா ஞாயிற்றுக்கிழமை உண்டு, அஞ்சுக்குப் பதில் ரெண்டு. சாப்பிட்டதும் ஒரு நடை. ஆப்பை அழித்துவிட்டேன். எடை மாசத்துக்கு ஒரு தடவை. 89-லிருந்து இறங்குவதற்குப் பத்து மாதம் ஆச்சு, இப்ப 82. யாரும் "சூப்பர்" சொல்லவில்லை, ஏன்னா யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை!

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆறு நாள் பட்டினி கிடப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. ஆரம்பம் இருக்கு, முடிவு இருக்கு, கைதட்ட ஆள் இருக்கு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரி, யாரும் பார்க்காதபோது, மூணாவது தோசைக்குப் போன கையை நிறுத்துவதுதான் கஷ்டம். அதுக்கு லைக் வராது. அதைவிடக் கஷ்டம், நாலாவது தோசையும் சாப்பிட்டுவிட்ட அன்று, மறுநாள் பட்டினி கிடந்து என்னை நானே தண்டிக்காமல் இருப்பது. எது விரதம் என்று இப்போது என்னைக் கேட்டால், இந்த ரெண்டாவதைத்தான் சொல்வேன்.

பழனியில் பார்த்திருப்பீங்க. காலையில் கோவணத்தோடு ஆண்டி. சாயரட்சையில் கிரீடத்தோடு ராஜா. ஒரே நாளில், ஒரே சாமி. அந்த ஆண்டிக்குத்தான் வாழைப்பழமும் நாட்டுச்சர்க்கரையும் நெய்யும் தேனும் நம்ம மலை ஏலக்காயும் சேர்த்த பஞ்சாமிர்தம். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. என் மாமா ஒருத்தர் இன்சுலின் போடுகிறவர். பிரசாதம் கொடுத்தால் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, மீதியைப் பேரனிடம் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல மாட்டார், அள்ளியும் தின்ன மாட்டார். பல வருஷமா பார்க்கிறேன், ஒரு தடவை கூட அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

கடும் விரதம் இருக்கிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மிளகு விரதம் இருக்கிறவர்கள், 48 நாள் இருக்கிறவர்கள், உடம்பு ஒத்துழைத்து, பெரியவங்க வழிகாட்டி, சாமிக்காகவே இருக்கிறவர்கள் இங்கே இருக்கீங்க. உங்க கால் தூசிக்கு நான் வர மாட்டேன். ஆனா சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் குறைவானவர்கள், சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இருக்காதீங்க. விரதம் இருக்க முடியாததால் பக்தி குறைவு என்று யாராவது சொன்னால், அந்த ஆளை என்னிடம் அனுப்புங்க.

2025 சஷ்டிக்கும் ஊருக்குப் போயிருந்தேன். நான் மதியம் ஒரு வேளை சோறு, ராத்திரி பாலும் பழமும். யாரிடமும் சொல்லவில்லை. (இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன், பரவாயில்லை.) தங்கச்சி விரதம் இருக்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள், ஹீமோகுளோபின் 11 தாண்டிவிட்டது. சாப்பாட்டைப் பற்றிப் பேச ஒரு டாக்டரிடமும் போய் வருகிறாள். இன்னும் சில நாள் தட்டை அப்படியே தள்ளி வைக்கிறாள் என்று சித்தி சொன்னாங்க. சரியாகிவிட்டது என்று என்னால் எழுத முடியாது.

சூரசம்ஹாரத்தன்று கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, ரெண்டு இட்லியைச் சாவகாசமா சாப்பிட்டாள். சுற்றிலும் விரதக்காரர்கள். ஒரு பாட்டி முறைத்தாங்க. அவள் சிரித்துவிட்டு, கை கழுவி, "அரோகரா" என்று எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினாள்.

அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் இதை எழுதினேன். "பேரு மட்டும் போடாதீங்கண்ணே" என்றாள்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கிறேன். "ஆறெழுத்து, ஆறு நாள், ஆறு கிலோ" மெசேஜ் இந்த வருஷமும் சஷ்டிக்கு முன்னாடி கண்டிப்பா வரும். நான் அழித்தாலும் அது அழியாது, எத்தனை போனில் இருக்கோ. வந்தால் மேலே அனுப்பாதீங்க. அனுப்பியவரிடம், எழுதினவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று சொல்லி, இதை அனுப்புங்க.

முருகா சரணம்.